பாரித்தில் தொடங்கிய பாடம்: பெஸ்தாரி ஜெயாவில் குடும்பங்களுக்கான ஈரநிலப் பயிற்சி – ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் சிலாங்கூர் ஆற்று மின்மினிகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள். அதே ஆற்றங்கரையில், காரில் அரை மணி நேரம் மேலே இருக்கிற எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் பிறந்து வளர்ந்து பேரன் பேத்தி எடுத்தவர்களில் பலர் அவற்றைப் பார்த்ததே இல்லை. கேட்டால், "அதெல்லாம் டூரிஸ்டுக்கு" என்பார்கள். பிள்ளைகளுக்கோ ஆறு, குட்டை, பாரித் எனும் வாய்க்கால் எல்லாமே 'அங்கே போகாதே' என்று சொல்லப்பட்ட இடங்கள். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சிலரும் கோயில் இளைஞர் பிரிவும் சேர்ந்து, ஈரநிலத்து உயிர்களைக் குடும்பத்தோடு போய்க் கையால் தொட்டும் கண்ணால் எண்ணியும் பார்க்கிற ஒரு வார இறுதித் தொடரை நடத்தினோம். எது எடுபட்டது, எது படுத்துவிட்டது என்பதை, மற்றத் தோட்டப்புற ஊர்களில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து நிபுணரைத் தேடுவதற்கு முன், பிள்ளையின் வீட்டிலேயே பாரித்தில் மீன் பிடித்த தாத்தாவோ, தோட்டத்தில் மருந்து அடித்த பாட்டியோ இருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் தொடரில் நன்றாக நடந்த நாட்களெல்லாம் அவர்கள் வாய் திறந்த நாட்கள்.

ஊரும் தண்ணீரும்

2007-இல் பெயர் மாறும்வரை இது பத்தாங் பெர்ஜுந்தை. பெரியவர்களுக்கு இன்றும் அதுதான் பெயர். சுற்றிலும் ரப்பர் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. ஈயம் தோண்டிய இடமெல்லாம் குட்டையாகவும் ஏரியாகவும் கிடக்கிறது. தோட்டத்து லயன் வீடுகள் போய், சனங்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தார்கள். லயத்துக்குப் பின்னால் மண் கரையோடு ஓடிய பாரித்தில் குளித்தவர்கள், மீன் பிடித்தவர்கள், துணி அலசியவர்கள் எல்லாரும் இப்போது சிமெண்டு வாய்க்காலுக்கு முன்னால் குடியிருக்கிறார்கள். தண்ணீரோடு இருந்த பழக்கம் ஒரே தலைமுறையில் அறுந்துபோனது. ஆனால் அறிவு அறுந்துபோகவில்லை. அது வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறது.

நிலப்படத்தை விரித்தால் இந்த ஊருக்கு வாய்த்திருப்பது தெரியும். வடக்கே ராஜா மூசா வனக் காப்பகம், வட சிலாங்கூர் கரிச்சதுப்புக் காட்டின் (மக்கிய இலைதழை சேர்ந்த கரிமண் சதுப்பு) ஒரு பகுதி. ஊருக்குள்ளே செம்பனைக்கு நடுவில் நன்னீர்ப் பாரித்துகள். ஆற்றோடு கீழே போனால் கம்போங் குவாந்தானில் மின்மினிகள். அதற்கும் கீழே, கோலா சிலாங்கூர் முகத்துவாரத்தில் கண்டல் (அலையாத்தி) காடும் சேற்று வெளியும். அங்கே மலாவாத்தி குன்றின் அடியில் 1987-இல் அமைந்த இயற்கைப் பூங்காவை மலேசிய இயற்கைக் கழகம் பார்த்துக்கொள்கிறது. 1940-இல் தொடங்கிய அமைப்பு அது. நன்னீர், கரிச்சதுப்பு, உவர்நீர் என்று மூன்று வகை ஈரநிலமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற ஊர்கள் அதிகம் இல்லை.

ஈயக் குட்டைகளை மட்டும் முதல் கூட்டத்திலேயே தள்ளிவிட்டோம். 2014 வறட்சியில் இங்கிருந்த குட்டைத் தண்ணீரை ஆற்றுக்கு இறைத்துக் குடிநீர்த் தட்டுப்பாட்டைச் சமாளித்தார்கள் என்பதெல்லாம் சரி. ஆனால் கரையிலிருந்து இரண்டடி வைத்ததும் ஆழம் விழுங்குகிற இடம் அது. கரை மணலும் சரியும். அழகான பறவைகள் உட்கார்ந்திருக்கின்றன என்பதற்காகப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவது வேண்டாத வேலை.

ஒரே ஒரு நிபந்தனை

பிள்ளையை இறக்கிவிட்டுப் போகக் கூடாது. வீட்டுப் பெரியவர் ஒருவராவது கூட இருக்க வேண்டும், அவருக்கும் ஒரு வேலை உண்டு. அப்பா வலை பிடிப்பார், அம்மா நேரம் பார்ப்பார், பாட்டி பெயர் சொல்வார். இந்த நிபந்தனையைக் கேட்டதும் பெயர் கொடுத்தவர்களில் கொஞ்சம் பேர் கழன்றுகொண்டார்கள். நின்றவர்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள். போதும்.

செயற்குழுவில் பதாகை அடிக்க வேண்டும், மக்கள் பிரதிநிதியான ஒய்.பி.யை அழைத்துத் திறப்புவிழா வைக்க வேண்டும், கடைசியில் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று ஒரு வாதம் எழுந்தது. நம் ஊரில் எது நடந்தாலும் இந்த மூன்றும் இல்லாமல் நடக்காது என்பது தெரிந்ததுதான். ஏழரை மணிக்கு வரவேண்டியவர் பத்தரைக்கு வந்தால் தண்ணீர் ஏறிவிடும், நண்டு உள்ளே போய்விடும் என்று ஒருவர் சொன்ன பிறகு அந்தப் பேச்சு நின்றது.

பாரித்

முதல் இடம் கோயில் நிலத்தை ஒட்டி ஓடும் மண் பாரித். தோட்டத்துக்குள் இருக்கும் பாரித்துகளை வேண்டுமென்றே தவிர்த்தோம். என்றைக்கு மருந்து அடித்தார்கள், எது கலந்திருக்கிறது என்று வெளியாட்களுக்குத் தெரியாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை வந்துவிட்டது, ஆனால் களைக்கொல்லி என்பது அது ஒன்று மட்டும் இல்லையே. எங்களோடு வந்த ஒரு பாட்டி பல வருடம் முதுகில் பம்ப் மாட்டி மருந்து அடித்தவர். "மருந்து அடிச்ச வாரம் தவளை கத்தாது. கத்தலன்னா அந்தத் தண்ணியில கை வைக்காதே" என்றார். பிறகு அதையே ஒரு சோதனையாக ஆக்கிக்கொண்டோம். முந்தின நாள் இரவு இருவர் போய் நின்று கேட்பார்கள். தவளைச் சத்தம் இருந்தால்தான் மறுநாள் வகுப்பு. ஆய்வகச் சான்று இல்லைதான், ஆனாலும் ஒன்றும் பார்க்காமல் இறங்குவதைவிட மேல்.

உபகரணம் என்று பெரிதாக எதுவும் வாங்கவில்லை. மாவு சலிக்கிற சல்லடையை நீளமான கம்பில் கம்பியால் கட்டினால் வலை. வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா தட்டு. வெள்ளையாக இருப்பது முக்கியம், நீல டப்பாவில் பாதிப் பூச்சி கண்ணுக்கே படாது. கண்ணாடிப் போத்தல், உருப்பெருக்கி, ரப்பர் பூட்ஸ், ஒரு வாளி நல்ல தண்ணீர், சவர்க்காரம். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் இங்கே சாதாரணமாக வருவது என்பதால், காலிலோ கையிலோ காயம் இருப்பவர்கள் தண்ணீரைத் தொடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தோம். அவர்களுக்கு எழுதும் வேலை.

சல்லடையைத் தண்ணீரின் நடுவில் விட்டு அலைக்கழித்தால் குப்பைதான் வரும். கரையோரம் புல் வேர் தொங்கும் இடத்தில் கீழிருந்து மேலாகச் சுரண்டி எடுக்க வேண்டும். இதை எங்களுக்குக் காட்டியவர் ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டக் கங்காணி) தாத்தா ஒருவர். தாத்தா சல்லடையைக் கொட்டியதும் தட்டில் ஒன்றும் இல்லாததுபோல் இருந்தது. கொஞ்சம் பொறுத்தால் சேறு நகரத் தொடங்கும். சுருங்கி விரிகிற புழு, தலைகீழாக நீந்தும் பூச்சி, கண்ணாடிபோல் உள்ளே தெரியும் குட்டி இறால், அப்புறம் எல்லாரும் மரப்பட்டை என்று நினைத்த ஒன்று.

அது தட்டானின் இளம்பருவம். தட்டான் வாழ்க்கையின் பெரும்பகுதி தண்ணீருக்குள் இப்படித்தான் கழிகிறது, இறக்கையோடு பறப்பது கடைசிக் காலம். அதைத் தனித் தட்டில் போட்டு, கூடவே ஒரு கொசுப் புழுவையும் விட்டோம். பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கொசுப் புழு நெளிந்து அருகில் போனதும், தட்டான் குஞ்சின் முகத்துக்கு அடியிலிருந்து மடிந்திருந்த ஒரு கை வெளியே பாய்ந்து பிடித்து இழுத்துக்கொண்டது. உண்மையில் அது கை இல்லை, கீழுதடு. மடித்து முகத்தோடு முகமாக வைத்திருக்கும். கண்ணிமைக்கிற நேரத்தில் நடந்ததால் பாதிப் பேர் பார்க்கவில்லை, "மறுபடி மறுபடி" என்று கூச்சல். டெங்கிக்குப் புகை அடிக்க வரும்போதெல்லாம் சன்னலை மூடிக்கொண்டு உட்காரும் வீடுகள் எங்களுடையவை. கொசுவைத் தின்னும் ஒன்று பாரித்தில் சும்மா கிடக்கிறது என்பதைப் பார்த்த அப்பாக்களின் முகம் மாறியதை நான் கவனித்தேன். ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டுத் தொட்டியிலும் டயரிலும்தான் முட்டையிடும், பாரித்துத் தட்டான் அங்கே வந்து காப்பாற்றாது என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

பூயு மீனை (பனையேறிக் கெண்டை) பிடிப்பது தனிக்கலை. செவுள் மூடியில் முள் வரிசை உண்டு, தெரியாமல் பிடித்தால் கை கிழியும். தாத்தா தலைப் பக்கத்திலிருந்து உள்ளங்கையை வழித்துக்கொண்டு போய் முள்ளை மடக்கிப் பிடித்தார். ஒரு பூயுவையும் ஒரு திலாப்பியாவையும் தனித்தனிக் கண்ணாடிப் போத்தலில் விட்டு, அம்மாக்கள் கைப்பேசியில் நேரம் பார்க்க, பிள்ளைகள் எண்ணினார்கள். திலாப்பியா அடியிலேயே நிற்கிறது. பூயு திரும்பத் திரும்ப மேலே வந்து காற்றை ஒரு வாய் விழுங்கிவிட்டு இறங்குகிறது. அதன் தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருக்கிறது. மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். பாரித் வற்றினாலும் பூயு மட்டும் எப்படி மிஞ்சுகிறது, மழையன்று எப்படி லயத்து வாசலுக்கு ஏறி வந்தது என்ற கதைகளெல்லாம் அதற்குப் பிறகு தாமாகக் கிளம்பின. நாங்கள் தயாரித்து வைத்திருந்த விளக்கத் தாளை யாரும் கேட்கவில்லை.

பாட்டிகள் பக்கம் நத்தையில் சூடு பிடித்தது. பாரித்துப் புல் தண்டுகளில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தென் அமெரிக்காவிலிருந்து வந்து, 1990-களின் தொடக்கத்திலிருந்து இந்த நாட்டு வயல்களைப் பாடாய்ப் படுத்தும் தங்க நத்தையின் முட்டை அது. "எங்க காலத்துல நத்தை முட்டை வெள்ளையா இருக்கும், கரை மண்ணுக்குள்ள வைக்கும். இந்தக் கலரு கிடையாது" என்றார் மருந்தடித்த பாட்டி. அவர் சொன்னது சரியே. நம் பழைய குட்டை நத்தை ஈரக் கரையில் வெள்ளை முட்டைதான் இடும். தோட்டத்தில் சமைத்துத் தின்றது அதைத்தான். அன்று பாரித் நெடுகத் தேடியும் ஒரு வெள்ளை முட்டைகூடக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் இளஞ்சிவப்புக் கொத்துகளைக் குச்சியால் தட்டித் தண்ணீரில் தள்ளினார்கள். தண்ணீருக்குள் விழுந்தால் அந்த முட்டை பொரிக்காது, அதனால்தான் அது மேலே ஏறி வந்து இடுகிறது. வெறும் கையால் தொடக் கூடாது, தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்த நத்தைகளில் மூளைக் காய்ச்சலைத் தரும் ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். எல்லாம் முடிந்ததும் மீனும் பூச்சியும் எடுத்த இடத்திலேயே திரும்பப் போய்ச் சேர்ந்தன. ஒரு பூயு மட்டும் தாத்தாவின் வாளியில் வீட்டுக்குப் போனது. அதைக் கண்டும் காணாமல் விட்டோம்.

தேதி குறித்தது கோயில் காலண்டர்

கண்டல் காட்டுக்கு எந்த ஞாயிறு வேண்டுமானாலும் போக முடியாது. இந்தக் கடலோரத்தில் பெரிய ஏற்றத்தின்போது நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நீர் ஏறியிருக்கும்போது போனால் பார்க்கச் சேறே இருக்காது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிய ஏற்ற இறக்கம் வரும். அந்த நாட்களில் இங்கே விடியற்காலையும் அந்தியிலும் நீர் ஏறும், வற்றுவது நண்பகலை ஒட்டி. உச்சி வெயிலில் சேற்று வெளியில் பிள்ளைகளை நிறுத்த முடியுமா? நீர் வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆக அமாவாசைக்கு மூன்று நான்கு நாள் முன்னதாகப் போனால் காலை ஒன்பது மணி வாக்கில் சேறு வெளியே தெரியும். அதோடு தேய்பிறையின் அந்தக் கடைசி நாட்களில் நிலா விடியும் முன்தான் எழும், முன்னிரவு இருட்டாக இருக்கும். மின்மினிக்கு அதுதான் வேண்டும். இரண்டுக்கும் ஒரே வார இறுதி.

கடற்படையின் நீரியல் மையம் வெளியிடும் ஏற்ற இறக்க அட்டவணை இருக்கிறது, கடைசியில் அதைப் பார்த்துத்தான் நேரத்தை உறுதி செய்தோம். ஆனால் தேதியைத் தேர்ந்தது கோயிலில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரை வைத்து. அதைச் செய்தவர்கள் அமாவாசை விரதம் இருக்கும் இரண்டு அம்மாக்கள். கடலுக்கும் நிலவுக்கும் உள்ள தொடர்பை பள்ளிப் பாடமாகச் சொன்னால் கொட்டாவி விடுகிறவர்கள், அடுத்த தேதியைக் குறித்துக் கொடுக்கச் சொன்னதும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை இரவு மின்மினி, ஞாயிறு காலை கண்டல் காடு என்று பிரித்தோம். ஞாயிறு இரவு வெளியே தங்கினால் திங்கள் பள்ளிக்கூடம் கெட்டுவிடும்.

முகத்துவாரச் சேறு

ஒரு கை மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும் சின்ன நண்டுகள் இங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. அந்தப் பெரிய கை ஆணுக்கு மட்டும். பெண்ணைக் கூப்பிடவும் மற்ற ஆணை விரட்டவும் அதை ஆட்டிக் காட்டும், அதனால் சாப்பிட முடியாது. சின்னக் கைதான் சேற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகிறது. வாய் சத்தை எடுத்துக்கொண்டு மீதியைச் சிறு உருண்டையாகத் துப்பிவிடும்.

ஆட்கள் வந்த அதிர்வு தெரிந்ததும் எல்லா நண்டும் வளைக்குள் மறைந்துவிடும். பிள்ளைகளுக்கு ஏமாற்றம். சரி, பலகைப் பாலத்தில் அப்படியே உட்காருங்கள், பேசாதீர்கள், அசையாதீர்கள் என்று சொன்னோம். சில நிமிடத்தில் முதலில் கண்கள் மட்டும் குச்சியில் எட்டிப் பார்க்கும். அப்புறம் பாதி உடம்பு. அப்புறம் எல்லாமே வெளியே வந்து கையை ஆட்டத் தொடங்கிவிடும். ஓர் அக்கா என் காதில், "இவன் இவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்ல" என்றார். பின்பு கணக்கு: வலது கை பெரிதாக உள்ளவை எத்தனை, இடது கை எத்தனை. ஒவ்வொரு குடும்பமும் தன் முன்னால் உள்ள ஒரு துண்டு நிலத்தை மட்டும் எண்ணியது. ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வந்தது. பெரும்பாலான இனங்களில் அப்படித்தான் இருக்கும். பெரிய கையை இழந்த நண்டுக்கு அது மறுபடி வளரும் என்று சொன்னதும், விபத்தில் விரல் இழந்த ஒரு லோரி ஓட்டுநர் அண்ணன், "நமக்குத்தான் அந்த வசதி இல்ல" என்று சிரித்தார்.

சேற்றில் தாவும் மீன்களுக்கு மலாயில் பெலாச்சாக் என்று பெயர். இங்குள்ள பெரிய இனம் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவாக வளரும். வளையைச் சுற்றிச் சேற்றால் வரப்புக் கட்டித் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும். இரண்டு வரப்புகளுக்கு இடையே இரண்டு மீன்கள் வாயைத் திறந்துகொண்டு முறைத்துக்கொண்டதைப் பார்த்து, வேலித் தகராறு என்று பெரியவர்கள் விளக்கம் சொன்னார்கள். அதுதான் சரியான விளக்கமும்கூட.

அப்பி-அப்பி மர இலையைத் தொட்டுப் பார்ப்பதற்கு வரவேற்பு இருந்தது. உப்புத் தண்ணீரைக் குடித்து, மிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றும் மரம் அது. மழை இல்லாத நாளில் இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். பாக்காவ் மரத்தின் முளைக்காய் மரத்திலிருந்தபடியே முளைத்து, ஈட்டிபோல் தொங்கிக் கீழே விழும். நேராகச் சேற்றில் குத்திக்கொண்டு வளரும் என்று பாடநூல் படங்கள் காட்டும். கீழே கிடந்தவற்றை எடுத்துப் பாலத்தின் மேலிருந்து போட்டுப் பார்த்தோம். பெரும்பாலானவை சாய்ந்து விழுந்தன. நீர் ஏறும்போது மிதந்து வேறெங்கோ போய்த்தான் அவை வேர் பிடிக்கின்றன. பாடநூலோடு கண்ணெதிரே சண்டை போட முடிந்ததில் ஆறாம் ஆண்டுப் பையன்களுக்கு ஒரே குஷி.

ஓர் எச்சரிக்கை. இலை தொடும் விளையாட்டுக்கு முன் எந்த மரத்தைத் தொடலாம் என்று காட்டிவிட வேண்டும். கண்டல் காட்டின் ஓரத்தில் புத்தா-புத்தா என்று மலாய்க்காரர்கள் சொல்லும் மரம் உண்டு. ஒடித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அது வேறொன்றுமில்லை, சிதம்பரத்துத் தில்லை மரம்தான். நடராசர் கோயிலுக்குத் தலமரம். அதைச் சொன்னதும் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், பிள்ளைகள் இரண்டடி தள்ளி நின்றார்கள். எச்சரிக்கைப் பலகை எதுவும் இவ்வளவு வேலை செய்யாது.

பறவைகளைப் பொறுத்தவரை அரைக்கிணறுதான். செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை சைபீரியா, மங்கோலியா பக்கத்திலிருந்து பவளக்காலி, உப்புக்கொத்தி, உள்ளான், வளைந்த நீள அலகுடைய கோட்டான் எல்லாம் இந்தக் கடலோரத்துக்கு வரும். ஆனால் நீர் வற்றியிருக்கும்போது அவை சேற்று வெளியின் மறுகோடியில் மேய்ந்துகொண்டிருக்கும். நண்டுக்கு வற்று நீர் வேண்டும், பறவைக்கு ஏறு நீர் வேண்டும். இரண்டையும் ஒரே காலையில் எதிர்பார்த்தால் ஒன்று கெடும். அதற்குப் பதிலாக அலகு விளையாட்டு வைத்தோம். ஒரு வாளி ஈர மணலில் கொண்டைக்கடலையை வேறு வேறு ஆழத்தில் புதைத்து, கோப்பித்தியாமில் (காப்பிக் கடையில்) வாங்கிய சாப்ஸ்டிக், இடுக்கி, கரண்டி மூன்றையும் கொடுத்து எடுக்கச் சொன்னோம். ஆழத்தில் இருப்பதை நீள அலகுக்காரர்தான் எடுக்கிறார், மேலே இருப்பதில் குட்டை அலகுக்காரர் முந்திவிடுகிறார். ஒரே சேற்றில் இத்தனை வகைப் பறவை எப்படிச் சண்டையில்லாமல் பிழைக்கிறது என்பது அதில் புரிந்துவிட்டது.

திரும்பும் வழியில் மலாவாத்தி குன்றில் சாம்பல் நிற இலையுண்ணிக் குரங்குகள். குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். பயற்றங்காய் வாங்கிக் கொடுக்கலாமா என்று எல்லாக் குடும்பமும் கேட்டது, வேண்டாம் என்றோம். இலை தின்னும் வயிறு அது, கையேந்திப் பழகிய குரங்கு சாலைக்கு வந்து அடிபடும். இரண்டு குடும்பங்களுக்கு முகம் சுருங்கியது.

மின்மினி, கரிமண்

கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகில் போவது வழக்கம். படகோட்டிகள் சொன்ன ஒரே சட்டம், கைப்பேசி விளக்கு கூடாது. கரையோர பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும். இதைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. மின்மினியின் புழு மரத்தில் இல்லை. கரையின் ஈர மண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. ஆற்றங்கரையைச் சுத்தமாக வெட்டிச் செம்பனை நட்டால், மரம் நின்றாலும் மின்மினி குறையும். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதைவிட நேராக ஒன்றைச் சொல்ல முடியாது. மறுநாள் காலை ஒருவர், "ஆத்தோரம் வரைக்கும் நாங்கதான் குழி வெட்டினோம்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொன்று: கண்டல் மரமான பெரெம்பாங்கின் பூ இரவில் விரியும், வௌவால்தான் அதற்கு மகரந்தம் சேர்க்கும். அதே வௌவால்தான் டுரியான் பூவுக்கும் போகிறது. இந்த ஒரு வரிக்குப் பிறகு கண்டல் காடு எதற்கு என்று கேட்க ஆளில்லை.

ராஜா மூசா கரிச்சதுப்புக்குப் போன நாள் சுமார்தான். வனக் காப்பகத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், அதை வாங்குவதற்குள் பாதிப் பேரின் ஆர்வம் வடிந்துவிட்டது. வெட்டிய வாய்க்கால்களால் காய்ந்து, பலமுறை பற்றியெரிந்த காடு அது. 2008 முதல் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் பொதுமக்களைச் சேர்த்துக்கொண்டு அங்கே மரம் நட்டு வருகின்றன, வாய்க்கால்களை அடைத்து நீர்மட்டத்தை ஏற்றுகின்றன. ஒரு கைப்பிடிக் கரிமண்ணைப் பிழிந்து, விரலிடுக்கில் வரும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, அது எவ்வளவு மக்கியிருக்கிறது என்று பத்துப் படிகளில் தரம் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. சுவீடனின் வான் போஸ்ட் 1920-களில் வகுத்தது, அறிவியலாளர்கள் இன்றும் வயலில் அதைத்தான் செய்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் செய்தார்கள், பிழிந்த மண்ணை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள்.

தண்ணீரின் புளிப்பைக் காட்டச் சங்குப்பூச் சாறு கொண்டுபோனதுதான் எடுபடவில்லை. நீலம் ஊதாவாக மாறும் என்பது சரி. ஆனால் சதுப்புத் தண்ணீரே தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் இருக்கும்போது ஊதா எங்கே தெரியப்போகிறது? வண்ணமீன் கடையில் விற்கும் சோதனைக் குப்பியும் இவ்வளவு புளிப்பு வரை அளக்காது. தண்ணீரில் நனைத்துப் பார்க்கும் சோதனைத் தாளை வாங்கிக்கொண்டு போங்கள். புளிப்பு அளவை (pH) நான்குக்குப் பக்கத்தில் காட்டும்.

என்ன மிஞ்சியது

கடைசிவரை வராமல் நின்றுபோனவர்களைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஷிப்ட் வேலை பார்க்கும் குடும்பங்கள் ஞாயிறு காலையில் தூங்க வேண்டியவர்கள், அவர்களை நாங்கள் கணக்கில் எடுக்கவே இல்லை. பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள் கழிப்பறை இல்லாத இடத்துக்கு வர மறுத்தார்கள், அதில் நியாயம் இருக்கிறது. வேன் வாடகைதான் பெரிய செலவு. ஒரு தடவை பேசி வைத்த வேன் வராமல், நான்கு கார்களில் திணித்துக்கொண்டு போனோம், நீர் ஏறத் தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம்.

சில மாதம் கழித்து வீடு வீடாகப் போய்ப் பேசியபோது, அச்சடித்துக் கொடுத்த தாள் ஒரு வீட்டிலும் இல்லை. தட்டான் குஞ்சின் உதடும், பூயுவின் மூச்சும், நண்டுக் கணக்கும் எல்லார் வாயிலும் இருந்தன. ஒரு வீட்டில் மூடியில்லாத பழைய தொட்டியில் பூயு வளர்க்கிறார்கள், கொசுப் புழு மிஞ்சுவதில்லை என்று பெருமை. இரண்டு குடும்பங்கள் தாமாகவே மீண்டும் கோலா சிலாங்கூர் போய்வந்தன, அமாவாசையைப் பார்த்தே போயிருக்கிறார்கள். பாரித்தில் குப்பை குறைந்ததா என்று கேட்டால், இல்லை. அது இந்தத் தொடரால் தீர்கிற காரியம் இல்லை, வாரத்துக்கு எத்தனை முறை குப்பை லோரி வருகிறது என்பதைப் பொறுத்தது.

அடுத்த சுற்றில் பாரித்து வகுப்பை ஒரு தடவை இரவில், ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு ஏற்ற நேரத்தில், கோயில் கழிப்பறை திறந்திருக்கும்போது, டார்ச் லைட்டோடு தவளைகளுக்காக நடத்தப்போகிறோம். மருந்தடித்த பாட்டி முன்னின்று நடத்த ஒத்துக்கொண்டிருக்கிறார். உட்கார ஒரு நாற்காலியும், ஆட்டுக்கறி போட்ட மீகூனும் (அரிசி நூடுல்ஸ்) வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறார். நாற்காலி தயார். கோயில் வளாகத்தில் கறி எப்படி என்பதுதான் செயற்குழுவில் இப்போது நடக்கும் பேச்சு.